பெட்டியே இல்லாத படத்துக்கு எங்கே நின்று வரி வாங்குவார்கள்?

கொட்டகைமணி

என் மச்சான் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு தமிழ்ப் படங்களை அமெரிக்காவில் வெளியிடுகிறவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறான். பெரிய கை ஒன்றும் இல்லை, வருடத்துக்கு நாலைந்து சின்னப் படம். வெளிநாட்டில் எடுத்த படங்களுக்கு 100 சதவீத வரி என்று ட்ரம்ப் 2025 மே மாதம் அறிவித்தபோது சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். செப்டம்பர் கடைசியில் திரும்பவும் அதையே சொன்னதும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு படத்துக்கு எம்.ஜி. (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குத் தரும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் அப்பா டூரிங் டாக்கீஸ் வைத்திருந்த காலத்தில் படம் என்றால் பெட்டி. பஸ்ஸில் வரும், இறக்கி வைப்போம், பெட்டி வரவில்லை என்றால் காட்சி இல்லை. அதற்கு வரி போட வேண்டுமானால் துறைமுகத்தில் நிறுத்தி எடை போடலாம், அடி அளக்கலாம். இப்போது படம் இணையத்தில் போகிறது, தியேட்டர் சர்வரில் இறங்குகிறது, அப்புறம் கேடிஎம் என்று ஒரு சாவியை மெயிலில் அனுப்புகிறார்கள். இதில் எந்த இடத்தில் நின்று 100 சதவீதம் வாங்குவது? எதன் மேல் 100 சதவீதம்? எம்.ஜி. தொகை மேலா, டிக்கெட் வசூல் மேலா? இதற்கெல்லாம் உலக வர்த்தக அமைப்பில் சட்டம் ஏதும் கிடையாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாண்டிபஜார்

மணி அண்ணே, நீங்கள் கேட்ட கேள்வியில்தான் எழுபது எண்பது வருடத்துச் சண்டை முழுக்க இருக்கிறது. படம் சரக்கா, சேவையா?

சுங்கப் பட்டியலில் இன்றைக்கும் 3706 என்று ஒரு தலைப்பு இருக்கிறது, ஒளிபட்டுக் கழுவிய சினிமா ஃபிலிம் என்று. 35 மில்லிமீட்டர், அதற்கு மேல், அதற்குக் கீழ் என்று அகலத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள். அது உங்கள் அப்பாவின் பெட்டிக்கான வரி. 1947ல் காட் என்ற சரக்கு வர்த்தக ஒப்பந்தம் எழுதியபோது படத்தைச் சரக்காகத்தான் பார்த்தார்கள், ஆனால் சாதாரணச் சரக்கு இல்லை என்றும் அப்போதே தெரிந்திருந்தது. அதனால் சினிமாவுக்கென்றே நாலாவது பிரிவு என்று தனியாக ஒன்று வைத்தார்கள். வெளிநாட்டுச் சரக்கையும் உள்நாட்டுச் சரக்கையும் ஒரே மாதிரி நடத்து என்பது பொது விதி. சினிமாவில் மட்டும், தியேட்டர் ஓடும் நேரத்தில் இத்தனை பங்கு உள்நாட்டுப் படத்துக்கு என்று ஒதுக்கிக்கொள்ளலாம். அரிசிக்கோ சைக்கிளுக்கோ இந்தச் சலுகை இல்லை.

டிவி அப்போது பெரிதாக இல்லை, அதனால் அந்தப் பிரிவில் டிவி இல்லை. பின்னால் வந்த தகராறுகள் பலவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது. 1995ல் சேவைகளுக்கென்று தனி ஒப்பந்தம், காட்ஸ், அமலுக்கு வந்தபோது படம் எடுப்பது, விநியோகிப்பது, திரையிடுவது, ஒளிபரப்புவது எல்லாம் அதற்குள் போயின. காட்ஸின் விசித்திரம் என்னவென்றால், எந்தத் துறையைத் திறக்கிறேன் என்று ஒரு நாடு எழுதிக் கொடுக்கிறதோ அதில்தான் சந்தைத் திறப்பும் சம நடத்தையும் அதைக் கட்டுப்படுத்தும். எழுதாதவன் பெரும்பாலும் தப்பித்தான்.

அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. தயாரிப்பு, விநியோகம், திரையிடல் எல்லாவற்றையும். ஆகவே சேவையாகப் பார்த்து வெளிநாட்டுப் படத்துக்கு மட்டும் 100 சதவீதம் என்றால் அவர்களே போட்ட கையெழுத்தை அவர்களே மீறுகிறார்கள். சரக்காகப் பார்த்தால் நிறுத்தி வாங்கப் பெட்டி இல்லை. இணையம் வழியாக வருவதற்குச் சுங்கவரி போடுவதில்லை என்று 1998 முதல் உலக வர்த்தக அமைப்பில் ஒரு இடைக்கால ஏற்பாடு வேறு இருந்தது, 2024ல் அபுதாபியில் அதை 2026 மார்ச் வரை மறுபடி நீட்டினார்கள். அதை நீட்ட வேண்டும் என்று முன்னால் நின்றது அமெரிக்கா, வேண்டாம் என்று இழுத்துப் பிடித்தது இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். வேடிக்கையைப் பாருங்கள்.

அவர்கள் உள்நாட்டுச் சட்டத்திலும் சிக்கல் இருக்கிறது. 2025ல் போட்ட வரிகள் பலவற்றுக்கு 1977ஆம் வருடத்து அவசர அதிகாரச் சட்டத்தைத்தான் எடுத்தார்கள். படம், புத்தகம், இசைத்தட்டு மாதிரியானவற்றை அந்தச் சட்டத்தால் தொடக் கூடாது என்று 1988லேயே ஒரு திருத்தம் வந்துவிட்டது. வேறு சட்டம் தேடுவார்கள், அது வேறு கதை. மச்சானை இப்போதைக்குத் தூங்கச் சொல்லுங்கள்.

அரைடிக்கெட்

சட்டம் தடுக்கிறது என்று சொல்லித் தூங்கச் சொல்கிறீர்களே, இந்த வருடம் எந்தச் சட்டம் எதைத் தடுத்தது?

எனக்கு வேறு கேள்வி. இப்படி ஒரு வரியை யாராவது முன்னால் போட்டிருக்கிறார்களா? போட்டு என்ன ஆயிற்று? அதைச் சொன்னால் பிரயோஜனம்.

பாண்டிபஜார்

போட்டிருக்கிறார்கள். பிரிட்டன், ஆகஸ்ட் 1947. போர் முடிந்து கையில் டாலர் இல்லை, ஆனால் சனம் முழுக்க அமெரிக்கப் படம் பார்த்து டாலரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. நிதியமைச்சர் ஹ்யூ டால்டன் வெளிநாட்டுப் படத்துக்கு 75 சதவீத வரி போட்டார். அவர் ஃபிலிம் அடி அளக்கவில்லை, படம் இங்கே என்ன சம்பாதிக்கும் என்ற மதிப்பின் மேல் போட்டார். மணி அண்ணன் கேட்டாரே எதன் மேல் என்று, அதற்கு ஒரு பழைய பதில் இது.

ஹாலிவுட் உடனே புதுப் படம் அனுப்புவதை நிறுத்தியது. முழுசாக நிறுத்தியது. தியேட்டர்காரர்கள் ஏற்கெனவே வந்திருந்த படங்களையும் பழைய பிரதிகளையும் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். இந்த இடைவெளியில் நாம் நிரப்பிவிடலாம் என்று பிரிட்டனின் பெரிய படக் கம்பெனியான ராங்க் அவசர அவசரமாகப் பணத்தைக் கொட்டிப் படம் எடுத்தது. 1948 மார்ச்சில் சமாதானம் பேசி மே மாதம் வரியை எடுத்துவிட்டார்கள். தேங்கிக் கிடந்த அமெரிக்கப் படம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது, ராங்க் எடுத்த படங்கள் அதற்குள் மூழ்கிப் போயின. வரி போட்டு ஒன்பது மாதம், நட்டம் உள்ளூர்க்காரனுக்கு.

வரி போனதும் உள்நாட்டுப் படத்துக்கான கோட்டாவை 45 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். தியேட்டர்காரர்களால் அதை நிரப்பவும் முடியவில்லை, இறக்கவேண்டி வந்தது.

அரைடிக்கெட்

பார்த்தீர்களா. நான் சொல்ல வந்தது இதுதான். வரியும் வேண்டாம், கோட்டாவும் வேண்டாம். பிரிட்டனில் 1927லேயே கோட்டா சட்டம் வந்தது, அதனால் என்ன வந்தது? கணக்குக்குப் படம் காட்ட வேண்டுமே என்று மலிவு விலையில் அவசரப் படங்கள். அவற்றுக்குப் பெயரே வைத்தார்கள், கோட்டா குவிக்கி என்று. தமிழ் சினிமாவுக்கு எவன் கோட்டா கொடுத்தான்? 1992க்கு அப்புறம் ஹாலிவுட் படம் தாராளமாக வந்தது, தமிழில் டப்பிங்கும் பேசியது, டைனோசர் வந்து போனது, நம் ஆள் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. படம் நன்றாக இருந்தால் ஓடும்.

சுவோன்சரவணன்

அரைடிக்கெட் சார், நான் கொரியாவில் சுவோனில் வேலை பார்க்கிறேன், பத்து வருடம் ஆகிறது. "படம் நன்றாக இருந்தால் ஓடும்" என்று இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய சினிமாக்காரர் முன்னால் சொல்லிப் பாருங்கள்.

இங்கே 1960களிலிருந்து திரைக் கோட்டா இருந்தது. 1985லிருந்து அது வருடத்துக்கு 146 நாள். 365ல் ஐந்தில் இரண்டு பங்கு. சலுகையெல்லாம் கழித்தால் 106 நாள் வரைக்கும் இறங்கலாம். ஆனால் 1988ல் அமெரிக்கக் கம்பெனிகள் இங்கே நேரடியாக விநியோகம் செய்ய ஆரம்பித்தார்கள், அதுவரை கொரியக் கம்பெனிகள் வாங்கித்தான் வெளியிட முடியும். அந்தக் கோபத்தில் தியேட்டருக்குள் பாம்பை விட்டார்கள். நிஜமாகவே பாம்பு. 1993 வாக்கில் கொரியப் படங்களின் பங்கு 16 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. கோட்டா இருந்தபோதே.

1994ல் ஜனாதிபதியின் ஆலோசனைக் குழு ஒன்று ஒரு கணக்குச் சொன்னது: ஜுராசிக் பார்க் ஒரே படம் சம்பாதித்தது 15 லட்சம் ஹூண்டாய் கார் விற்றதற்குச் சமம் என்று. கார் விற்றுத்தான் பிழைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்டுக்கு இது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்திருக்கிறது. அதுக்கப்புறம்தான் பெரிய கம்பெனிகளின் பணம், அரசின் பணம் எல்லாம் சினிமாவுக்குள் வந்தது. 1996ல் படத்துக்கு முன் தணிக்கை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. எனக்கு என்னவோ இதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று தோன்றும், ஆனால் வர்த்தக இழையில் அதைப் பேசினால் திசை மாறிவிடும்.

1998-99ல் அமெரிக்காவோடு முதலீட்டு ஒப்பந்தம் பேசும்போது கோட்டாவைக் குறை என்றார்கள். இயக்குநர்கள் தெருவில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்கள். (நம் ஊரில் வேண்டுதலுக்கு அடிப்போம், இங்கே போராட்டத்துக்கு.) அப்போது தப்பியது. 2006 ஜனவரியில் அரசாங்கம் 146ஐ 73 ஆக்குவோம் என்று அறிவித்தது. அறிவித்து ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி ஆரம்பத்தில், அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தகப் பேச்சுத் தொடங்குகிறது என்று செய்தி. பேச்சு தொடங்கும் முன்னாலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நடிகர் சோய் மின்-சிக் அரசு கொடுத்த பண்பாட்டு விருதைத் திருப்பிக் கொடுத்தார். நடிகர்கள் ஒவ்வொருத்தராகத் தனியாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜூலை 1 முதல் 73 நாள்.

அரைடிக்கெட்

அதுக்கப்புறம்? 2020ல் ஆஸ்கர் மேடையில் யார் நின்றார்கள்? கோட்டாவைப் பாதியாக்கியதால் கொரிய சினிமா செத்ததா? நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

சுவோன்சரவணன்

பாதிதான் சொன்னேன். கோட்டாவை வெட்டிய கையோடு 400 பில்லியன் வோன் சினிமா வளர்ச்சி நிதி என்று அறிவித்தார்கள், 2007லிருந்து ஒவ்வொரு டிக்கெட்டிலும் 3 சதவீதம் பிடித்து அதில் போட்டார்கள். ஹாலிவுட் படத்து டிக்கெட்டிலும் பிடித்தார்கள். இன்னொன்று, வெட்டும்போது கொரியப் படங்களின் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஓடக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம் கைத்தடியை வாங்கினார்கள். தவழுகிற பிள்ளையிடம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் எனக்கு உறுத்துவது 73 என்ற எண் இல்லை. 2012ல் அமலுக்கு வந்த அந்த அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தில் இந்த 73ஐ எந்தப் பட்டியலில் வைத்தார்கள் என்பதுதான். முதல் இணைப்பில். அதில் உள்ளவற்றைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. குறைத்தால் குறைத்ததே புது எல்லை, பழையதற்குத் திரும்ப முடியாது. நாளைக்கு ஒரு அரசாங்கம் வந்து 100 நாள் ஆக்குவோம் என்று நினைத்தாலும் முடியாது. கோட்டாவே வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு அரைடிக்கெட் சார், ஆனால் பத்து வருடம் கழித்து வருகிறவன் வேண்டும் என்று சொல்வதற்கான வாயையும் சேர்த்து அடைக்கிறீர்கள்.

பாண்டிபஜார்

சரவணன் சொன்னதற்கு நியூசிலாந்துதான் பாடப்புத்தகம். உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சில் ஒலி-ஒளித் துறையைத் திறப்பதாக எழுதிக் கொடுத்தவர்கள் மொத்தம் 19 பேர். நியூசிலாந்து அதில் ஒருவர். அப்போதைய அரசாங்கத்துக்குச் சந்தை மேல் பக்தி, டிவியில் கோட்டா எதுவும் நடைமுறையில் இல்லை, இல்லாததை விட்டுக்கொடுப்பதில் என்ன நட்டம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 1999ல் லேபர் கட்சி, உள்ளூர் நிகழ்ச்சிக்கு டிவியிலும் ரேடியோவிலும் கோட்டா கொண்டுவருவோம் என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்தது. வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. சாவி உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில். திரும்ப வாங்க வேண்டுமானால் பாதிக்கப்படுகிற நாடுகளுக்கெல்லாம் ஈடு கொடுக்க வேண்டும். கடைசியில் ரேடியோக்காரர்களோடு உட்கார்ந்து பேசி 2002ல் ஒரு தன்னார்வ ஏற்பாடு செய்தார்கள், 2006க்குள் 20 சதவீதம் நியூசிலாந்துப் பாட்டு என்று. சட்டம் போட முடியாத அரசாங்கம் கெஞ்சிக் கேட்டு வாங்கியது. ஜனங்கள் ஓட்டுப் போட்டதை ஐந்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்து ஒன்று தின்றுவிட்டது.

இதில் உபகதை ஒன்று. ஆஸ்திரேலியாவில் டிவிக்கு உள்ளூர்க் கோட்டா உண்டு. இரண்டு நாட்டுக்கும் சேவை வர்த்தக உடன்பாடு இருக்கிறது, ஆகவே எங்கள் நிகழ்ச்சியையும் ஆஸ்திரேலிய நிகழ்ச்சியாகவே எண்ண வேண்டும் என்று நியூசிலாந்துத் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1998ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆமாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆஸ்திரேலியப் பண்பாட்டைக் காப்பாற்ற வைத்த கோட்டாவை நியூசிலாந்து சீரியல் போட்டு நிரப்பலாம்.

கொட்டகைமணி

இந்தியா அந்த 19ல் உண்டா?

பாண்டிபஜார்

உண்டு. ஆனால் நம் ஆட்கள் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். பட விநியோகம் மட்டும் திறந்திருக்கிறது, அதிலும் வருடத்துக்கு 100 படம். அந்தப் படம் குறிப்பிட்ட பன்னாட்டு விழா எதிலாவது பரிசு வாங்கியிருக்க வேண்டும், இல்லை அதிகாரபூர்வப் பிரிவில் கலந்திருக்க வேண்டும், இல்லை மதிப்புள்ள சினிமாப் பத்திரிகையில் நல்ல விமர்சனம் வந்திருக்க வேண்டும். நடைமுறையில் இப்போது யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஜெனீவாவில் எழுதியிருப்பது ஒரு சின்ன ஜன்னல், வீட்டில் திறந்து வைத்திருப்பது பெரிய கதவு. நாளைக்குக் கதவைச் சாத்தினால் யாரும் கேட்க முடியாது, ஜன்னல் வரைக்கும் சாத்தலாம். நியூசிலாந்துக்காரன் கதவைக் கழற்றிக் கொடுத்தான். நம் அதிகாரிகளைக் குறை சொல்லியே பழகிவிட்டோம், இந்த இடத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கொட்டகைமணி

இந்த உருகுவே சுற்று வரைவை எதிர்த்து அப்போது டங்கல் திட்டம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது ஞாபகம் இருக்கிறது. விதை, உரம், வேம்பு என்றுதான் எழுதினார்கள். இதே பேச்சில் சினிமாவும் இருந்தது என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

பாண்டிபஜார்

இருந்தது மட்டுமில்லை, 1993 டிசம்பரில் மொத்தப் பேச்சும் அதனால் கவிழப் பார்த்தது. பிரான்சு பின்னால் ஐரோப்பா நின்றது, அமெரிக்கா எதிரே. ஐரோப்பிய டிவிகள் முடிந்தவரை பாதி நேரத்துக்கு மேல் ஐரோப்பிய நிகழ்ச்சி போட வேண்டும் என்ற 1989 உத்தரவு அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசி நாள் 15ஆம் தேதி, முடியவில்லை, படத்தை ஓரமாக வைத்துவிட்டு மற்றதற்குக் கையெழுத்துப் போடுவோம் என்று முடித்தார்கள். பண்பாட்டுக்கு விலக்கு என்று பேச்சில் சொல்கிறார்களே, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஐரோப்பா அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான். பிரான்சு இதில் 1946லேயே சூடுபட்டது. போர்க்கடன் தள்ளுபடியோடு சேர்த்து, மூன்று மாதத்துக்கு நாலு வாரம் மட்டும் பிரெஞ்சுப் படத்துக்கு என்று அமெரிக்காவோடு ஒப்புக்கொண்டார்கள், சினிமாக்காரர்கள் தெருவில் இறங்கிய பின் 1948ல் அது ஐந்து வாரம் ஆயிற்று.

ஸ்கார்பரோ அண்ணை

தம்பிமார் சினிமாவையே பேசுகிறீர்கள். எனக்குச் சஞ்சிகைக் கதை இரண்டு தெரியும், இரண்டும் நான் இருந்த நாடுகளில் நடந்தது.

முதலாவது கனடா. நான் இங்கே வந்து கொஞ்சக் காலத்தில் நடந்த வழக்கு. அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று, அதே கட்டுரைகளை வைத்துக்கொண்டு கனடா விளம்பரங்களை மட்டும் செருகி இங்கே ஒரு பதிப்பு விடும். ஆக்கச் செலவு அமெரிக்காவில் முடிந்துவிட்டது, இங்கே வருவது முழுக்க லாபம், ஆகவே விளம்பரத்தை மலிவாகக் கொடுக்கலாம். கனடாச் சஞ்சிகைக்கு விளம்பரம் போய்விடும். இதைத் தடுக்க 1965இலிருந்து எல்லையில் இறக்குமதித் தடை இருந்தது. 1993இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ன செய்தது தெரியுமோ, பக்கங்களைச் செய்மதி வழியாக ஒன்டாரியோ அச்சகத்துக்கு அனுப்பி இங்கேயே அச்சடித்தது. எல்லையைத் தாண்டிப் பெட்டி ஒன்றும் வரவில்லை. மணி அண்ணை கேட்ட அதே கேள்வி, முப்பது வருசத்துக்கு முன்னால்.

கனடா விளம்பர வருமானத்தில் 80 வீதம் வரி போட்டது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. விளம்பரம் சேவை, சேவையில் நாங்கள் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று கனடா வாதாடியது. 1997இல் தோற்றது. கையில் பிடிக்கிற சஞ்சிகை சரக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு விசயம்: கனடாச் சஞ்சிகைகளுக்குத் தபால் கட்டணத்தில் கழிவு இருந்தது, அரசு அந்தக் காசைத் தபால் துறைக்குக் கொடுத்தது. அதுவும் பிழை என்றார்கள். சஞ்சிகைக்காரனிடம் நேரே காசைக் கொடுத்தால் சரி, முத்திரையில் குறைத்தால் பிழை. பிறகு அப்படியே நேரே காசு கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் பண்பாட்டுக்கு விலக்கு வாங்கியிருக்கிறோம் என்று இங்கே பெருமையாகப் பேசுவார்கள். அந்த விலக்கைப் பயன்படுத்தினால் அதே அளவு நட்டத்தை வேறு பொருளில் திருப்பித் தரலாம் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. இப்போது நெட்ஃப்ளிக்ஸ் மாதிரியான ஓடைத் தளங்களிடம் வருமானத்தில் 5 வீதம் கேட்டு 2024இல் உத்தரவு வந்ததுக்கும் அமெரிக்கா முகத்தைச் சுளிக்கிறது.

இரண்டாவது கதை இலங்கை. எழுபதுகளில் சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் அதில் அகப்பட்டன. 1972இல் வந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில்தான் பட இறக்குமதி. என்ர மாமா பருத்தித்துறையில் சின்னப் புத்தகக் கடை வைத்திருந்தவர், சென்னைச் சஞ்சிகை வராமல் கடை படுத்துவிடும் என்று புலம்பினாராம். படுக்கவில்லை பாருங்கோ. வீரகேசரி ஒன்றன் பின் ஒன்றாக ஈழத்து எழுத்தாளர்களின் நாவல்களைப் போட்டது. மலிவு விலை, எங்கட ஊர், எங்கட பேச்சு. உள்ளூர்த் தமிழ்ப் படங்களும் அந்தப் பத்து வருசத்தில்தான் கூட வந்தன. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து திறந்த பொருளாதாரம் என்றார். சென்னைச் சஞ்சிகைகள் மறுபடி கட்டுக் கட்டாக வந்திறங்கின. மாமா சந்தோசப்பட்டார். நாவல் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

அரைடிக்கெட் தம்பி, "தமிழுக்கு எவன் கோட்டா கொடுத்தான்" என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஹாலிவுட் எப்படியோ எங்களுக்குக் கோடம்பாக்கம் அப்படி. மொழியே வேலியாக இருக்கிற இடத்தில் கோட்டா தேவையில்லைத்தான். ஒரே மொழியைப் பேசுகிற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கோ. கனடாவுக்கு அமெரிக்கா, நியூசிலாந்துக்கு அவுஸ்திரேலியா, எங்களுக்கு நீங்கள்.

அரைடிக்கெட்

அண்ணை, இது நான் யோசிக்காத பக்கம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தடை, டாலரை மிச்சம் பிடிக்கப் போட்டதா, நாவல் வளர்க்கப் போட்டதா?

ஸ்கார்பரோ அண்ணை

அந்நியச் செலாவணிக்குத்தான் என்று ஒரு கூட்டம், உள்ளூர் எழுத்தாளர் கேட்டுத்தான் என்று ஒரு கூட்டம். அப்போதே இரண்டு பக்கமும் சண்டை. தடையின் நிழலில் குப்பையும் நிறைய வந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். நல்லது வருமென்று ஒருத்தரும் உத்தரவாதம் தர முடியாது, இடம்தான் தரலாம்.

கிள்ளான்ரவி

அண்ணன் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். மலேசியாவில் வாஜிப் தாயாங் என்று ஒன்று இருக்கிறது, உள்ளூர்ப் படத்தைத் தியேட்டர் கட்டாயம் 14 நாள் ஓட்ட வேண்டும், 2005லிருந்து. நல்ல விதிதான். ஆனால் உள்ளூர் என்றால் முதலில் மலாய்ப் படம்தான் நினைப்பில் வரும். நான் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் படம் வெளியான வாரம் சென்னையிலிருந்து பெரிய ஹீரோ படம் இறங்கியது. ஒரு தியேட்டரில் எங்களுக்குக் கொடுத்த நேரம் காலை பதினொன்று, வேலை நாளில். கட்டாயத்தை மீறவில்லை, படம் ஓடியது என்று கணக்கில் இருக்கும். ஹாலில் என் அம்மா, அத்தை, இரண்டு பாதுகாவலர்.

விதி நாளைத்தான் எண்ணும், எந்தக் காட்சி என்று கேட்காது.

சுவோன்சரவணன்

ரவி, கொரியாவிலும் இதே கதை. 73 நாளைக் கொரியப் பெரிய கம்பெனிப் படங்களே நிரப்பிவிடும். ஒரே கொரியப் படம் நாட்டின் பெரும்பாலான திரைகளைப் பிடித்துக்கொண்டால் சின்னக் கொரியப் படத்துக்கு எந்தக் கோட்டாவும் உதவாது. அமெரிக்காவிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் விதி எழுதினார்கள், அண்ணனிடமிருந்து தம்பியைக் காப்பாற்ற எழுதவில்லை.

அரைடிக்கெட்

இதைத்தானே நானும் முதலிலிருந்து வேறு மாதிரி சொன்னேன்!

சரி, பாண்டிபஜார், ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் 2006ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்குக் கொடுத்தார்களே, 2017ல் உள்ளாட்சி கேளிக்கை வரி வந்தபோதும் தமிழ்ப் படத்துக்குக் குறைவு, மற்ற மொழிக்குக் கூடுதல் என்றார்களே. இது உலக வர்த்தக விதிக்கு ஒத்துவருமா?

பாண்டிபஜார்

நல்ல கேள்வி. அந்த விதி நாட்டைக் கேட்கவில்லை, மொழியைக் கேட்கிறது. கிள்ளானில் எடுத்த ரவி படத்துக்கும் இங்கே தமிழ்ப் பட வரிதான், மும்பையில் எடுத்த இந்திப் படத்துக்குக் கூடுதல். ஆகவே வெளிநாட்டானுக்கு எதிரானது என்று நேரடியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஆங்கிலப் படம் எல்லாமே கூடுதல் பக்கம்தான் விழும், அதனால் சுற்றி வளைத்து வழக்குப் போட இடம் உண்டு. யாரும் போடவில்லை. இத்தனை சின்னத் தொகைக்கு ஜெனீவா வரை யார் போவார்கள்? வழக்குப் போடுவது சீனா மாதிரி இடத்தில்தான். இறக்குமதியை அரசு கம்பெனி மட்டும் செய்யலாம் என்று வைத்திருந்ததை எதிர்த்து 2007ல் அமெரிக்கா போனது, 2009ல் ஜெயித்தது, ஜெயித்த பின்னும் முழுசாகத் திறக்கவில்லை. 2012ல் பேரம் பேசி, வசூலில் பங்கு தரும் படங்களை வருடத்துக்கு 20லிருந்து 34 ஆக்கி, பங்கை 13லிருந்து 25 சதவீதமாக்கி முடித்தார்கள். 2025 ஏப்ரலில் வரிச் சண்டை முற்றியதும் அமெரிக்கப் படங்களைக் குறைப்போம் என்று சீனா அறிவித்தது. தீர்ப்பை விடப் பேரம்தான் நிற்கிறது, அதுவும் மனசு இருக்கும் வரைக்கும்.

கிள்ளான்ரவி

யுனெஸ்கோவில் பண்பாட்டுப் பன்மைக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறதே, அது இதையெல்லாம் காப்பாற்றாதா?

பாண்டிபஜார்

2005 அக்டோபரில் 148 நாடு ஆதரவு, எதிர்த்தது இரண்டே பேர், அமெரிக்காவும் இஸ்ரேலும். இந்தியா சேர்ந்திருக்கிறது. ஆனால் அதன் 20ஆம் பிரிவைப் படியுங்கள், மற்ற ஒப்பந்தங்களில் உள்ள கடமையை இது மாற்றாது என்று எழுதியிருக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துக் காட்டலாம், வழக்கில் ஜெயிக்க முடியாது. சீனா அந்த வழக்கில் எடுத்துக் காட்டியது, எடுபடவில்லை.

கொட்டகைமணி

எல்லாவற்றையும் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கொட்டாவி விட்டான், டால்டன் கதையில் எழுந்து உட்கார்ந்தான். நேற்று வக்கீலைப் பார்த்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: வெளியீட்டுக்கு முன் புது வரி எதுவும் வந்தால் எம்.ஜி. தொகையை இருவரும் உட்கார்ந்து திரும்பப் பேச வேண்டும் என்று. சென்னையில் தயாரிப்பாளர் தரப்பு முதலில் முறுக்கினார்கள். யார் தலையில் விடியும் என்று எழுதாமல் விட்டால் இரண்டு பேர் தலையிலும் விடியும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

அண்ணை, உங்கள் மாமா கடையில் விற்ற அந்த நாவல்கள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

ஸ்கார்பரோ அண்ணை

நான் வரும்போது ஏழு கொண்டுவந்தேன், இப்போது நாலு. மூன்றை இரவல் வாங்கினவர்கள் இந்த இழையைப் படிக்கிறார்களோ தெரியாது. படித்தால் கொண்டுவந்து தரவும்.